சாவு ஏறாத வண்டி

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு தெருவில், வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த செலஸ்டின் சாக வேண்டிய நாளில் சாகாமல் போனார். அதற்குக் காரணம் அவருடைய பழைய கான்டெஸா காரின் ஏசிதான் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அது நடந்தது கத்திரி வெயிலில். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய மனைவி ஜசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் ஓய்ந்துவிட்டது, இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது என்று சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டுக் கஸ்பார், மீன் ஏலம் விடுகிறவன், கூடவே வந்திருந்தான். அவன்தான் கான்டெஸாவை எடுத்தான். பின்சீட்டில் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜசிந்தா ஜெபமாலையை உருட்டினாள். ரோடு கொதித்துக்கொண்டிருந்ததால் கஸ்பார் ஏசியைப் போட்டான். வாகைக்குளம் தாண்டியதும் செலஸ்டின் கண்ணைத் திறந்து, தெளிவான குரலில், "ஏலே கஸ்பாரு, கிளட்ச்சுல காலை வச்சிக்கிட்டே ஓட்டாதலே" என்றார்.

வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தி, நாலு பேராகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். கிடத்திய உடனே உதடு நீலம் பாய்ந்தது, மூச்சு தொண்டைக்கு ஏறியது, சாமியாரைக் கூப்பிட ஆள் ஓடியது. ஜசிந்தாவுக்கு என்ன தோன்றியதோ, "அவரைத் திரும்பக் கார்ல வைங்க" என்றாள். அழுகிறவளிடம் யார் எதிர்த்துப் பேசுவது? தூக்கி வைத்தார்கள். கஸ்பார் இன்ஜினைக் கிளப்பினான். குளிர் காற்று முகத்தில் பட்டதும் செலஸ்டின் எழுந்து உட்கார்ந்து, வாசலில் இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்டார்.

ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி அடுக்கிப் பார்த்தார்கள். டாக்டர் வீட்டு ஏசி அறையில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரு மீன் ஏற்றுமதி ஏஜென்ட்டின் புத்தம் புதுக் காரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் மூழ்கப் போனார், ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து கான்டெஸாவில் போட்டார்கள். அந்தக் குளிருக்குள் சாவு ஏறவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்ஜின் நிற்கவில்லை.

முதலில் தெரு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது, பிறகு பழகிக்கொண்டது. விசைப்படகுக்காரர்கள் ஆளுக்கு ஒரு கேன் டீசல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் முன்சீட்டில் முறை வைத்து உட்கார்ந்து படித்தார்கள், அடுப்படியில் வெந்துவிட்டு வருகிற பெண்கள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துக் காய்ச்சல்காரக் குழந்தைகளின் நெற்றியில் தடவினார்கள், சாக்கடை வெட்ட வந்த கார்ப்பரேஷன்காரர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் காரைச் சுற்றி வளைத்து வெட்டிக்கொண்டு போனார்கள், ரேஷன் கார்டில் பெயரை அடிக்கலாமா கூடாதா என்று வந்து பார்த்தவர் செலஸ்டினிடமே கேட்டு, வேண்டாம் என்று பதில் வாங்கிக்கொண்டு போனார். மூன்று தடவை எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்த சாமியார் நாலாவது தடவை கூப்பிட்டபோது, இனி நான் சும்மா பேசத்தான் வருவேன் என்றார்.

ஜசிந்தா தையல் மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்தாள். தைத்த கைக்குக் களைப்பு வந்தால் பின்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு இடத்தில் இருந்து அவள் பார்த்ததில்லை; வேளாங்கண்ணி சவாரி, கொடைக்கானல் சவாரி, யார் யாருடைய கல்யாணமோ, எந்த ஊர் ஏர்போர்ட்டோ. பிள்ளையும் இல்லாத வீட்டில் அவள் பேச்சைக் கேட்க மெஷின்தான் இருந்தது. இப்போது அவர் எங்கும் போக முடியாமல் பக்கத்தில் இருந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், சிரித்தார். தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்பதை ஒரு மத்தியானம் திடீரென்று உணர்ந்தபோது, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

விஷயம் வெளியூருக்குப் பரவியது. ஆட்டோக்களிலும் வேன்களிலும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு சீட், ஒரே ஒரு சீட் என்று கேட்டார்கள், காலில் விழுந்தார்கள், சாபம் விட்டார்கள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது? ஜசிந்தா கதவை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே வாயசைக்கிற முகங்களைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். ஆனால் கஸ்பாரின் அம்மா மரியபுஷ்பத்துக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது அவளால் கதவை அடைக்க முடியவில்லை. திருநெல்வேலியிலிருந்து வண்டியை ஓட்டிவந்தவன் அவன். விசைப்படகுக்காரர்களிடம் சொல்லி டீசலுக்கு ஏற்பாடு செய்தவனும் அவன். மரியபுஷ்பத்தைத் தூக்கி வந்து செலஸ்டினுக்கு மறுபக்கம் உட்காரவைத்தார்கள். கிழவி கண்ணைத் திறந்து, "இன்னைக்கு சீலா மீன் என்ன வெலைக்குப் போச்சு?" என்று மகனைக் கேட்டாள். கஸ்பார் தெருவில் எல்லாரும் பார்க்க அழுதான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் குளிர் குறையத் தொடங்கியது.

முதலில் அது மத்தியான வேளையில் மட்டும் தெரிந்தது. வெயில் உச்சிக்கு வரும்போது செலஸ்டினின் பேச்சு பாதியில் நிற்கும், கிழவியின் மூச்சு விசில் அடிக்கும், கடல்காற்று அடித்த பிறகு இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி வருவார்கள். ஜசிந்தா காயல்பட்டினத்திலிருந்து மகுதூம் பாயை வரவழைத்தாள். பழைய கார்களுக்கு ஏசி வேலை பார்க்கிறவர். அவர் பானெட்டைத் திறந்து, பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, வெற்றிலைச் சாற்றைத் தள்ளிப்போய்த் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"கேஸ் கசியுது மைனி. ரப்பர் எல்லாம் செத்துப்போச்சு. இதுல இருக்குறது அந்தக் காலத்து கேஸ். வானத்தைப் பொத்தலாக்குதுன்னு உலகம் பூரா நிப்பாட்டிட்டாங்க. இப்ப எங்கயும் கிடைக்காது."

"அப்ப என்ன வழி?"

"புது கேஸுக்கு மாத்தணும். சும்மா ஊத்திர முடியாது. இருக்குறதை வெளியேத்தி, பழைய ஆயிலைக் கழுவி எடுத்து, ரப்பர், டிரையர், ஹோஸ் எல்லாம் மாத்தி, அதுக்குப் பொறவுதான் புதுசை ஏத்தலாம்." பாய் பின்சீட்டின் பக்கம் பார்க்காமல் பேசினார். "காலையில ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள முடிக்கலாம். ஆனா அதுவரைக்கும் வண்டில குளிர் இருக்காது."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கஸ்பார் மட்டும், "அதெல்லாம் வேண்டாம்" என்றான்.

அவன் துறைமுகத்துப் பக்கம் போய், உடைக்க வந்த பழைய கப்பல்களின் குளிர்சாதனச் சாமான்களைத் துழாவி, துருப்பிடித்த இரண்டு பழைய கேஸ் சிலிண்டர்களைக் கொண்டுவந்தான். பாய் தலையை ஆட்டிக்கொண்டே அதை ஏற்றினார். கொஞ்ச நாள் தாங்கியது. பிறகு அதுவும் கசிந்து போனது. மறுபடி தேடிப் போனபோது ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது காலையிலேயே செலஸ்டின் கண்ணை மூட ஆரம்பித்தார். ஜசிந்தா பாய்க்குப் போன் போட்டு, சாமான்களோடு வரச் சொன்னாள்.

பாய் வந்து இறங்கியபோது கஸ்பார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். நாலு கதவும் உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. இன்ஜின் சாவியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்தியிருந்தான்.

"தம்பி, கதவைத் தொற" என்றாள் ஜசிந்தா.

கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. "மைனி, நான் உங்களை எதுத்துப் பேசுனதில்ல. பேச வச்சிராதீங்க."

"குளிரு போயிக்கிட்டே இருக்கு. நாளைக்கு இதுவும் இருக்காது. தெரியலையா உனக்கு?"

"நாளைக்குப் போறது நாளைக்குப் போகட்டும். இன்னைக்கு நிப்பாட்டுனா எங்கம்மா இன்னைக்கே போயிருவா."

"மாத்தாம விட்டா ரெண்டு பேரும் போயிருவாங்க."

"அது தானாப் போறது. இது நம்ம கையால போறது."

அதையேதான் ஜசிந்தாவும் இத்தனை நாளாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு பாதி அவள் பின்னாலும் ஒரு பாதி காருக்கு முன்னாலும் பிரிந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். கஸ்பாரின் ஆட்கள் இரண்டு பேர் பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவன் கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைக்கலாம் என்றான். உடைத்தால் இருக்கிற குளிரும் போகும் என்று இன்னொருவன் அவன் கையைப் பிடித்தான். வெயில் ஏறியது. உள்ளே கிழவியின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கஸ்பார் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. அந்தக் காருக்குள் உட்கார்ந்த ஒருவனுக்கு வேர்க்கிறது என்பதைத் தெரு முழுவதும் பார்த்தது.

அப்போது பின்சீட்டிலிருந்து செலஸ்டினின் கை, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே, மெதுவாக நீண்டு வந்தது. அந்தக் கை சாவிக்குப் போகிறது என்று புரிந்ததும் கஸ்பார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மீன் கூடைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை அது, அழுத்தினால் எலும்பு நொறுங்கும். ஜசிந்தா கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து அப்படியே நின்றாள்.

"கஸ்பாரு" என்றார் செலஸ்டின். "இத்தனை நாளா இந்த வண்டியை என்ன செய்யன்னு ஊரே பேசுது. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

"அண்ணே, எங்கம்மா."

"தெரியும்லே. அவ பக்கத்துலதான இருக்கேன். உன் பேரைச் சொல்லித்தான் மொனங்குதா." அவர் மூச்சு வாங்கினார். "இது என் வண்டி. ரிப்பேருன்னு வந்தா நிப்பாட்டித்தான் பாக்கணும். விடு."

கஸ்பார் விடவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அவன் பிடிக்குள் இருந்தபடியே செலஸ்டின் சாவியைத் திருகினார்.

இன்ஜின் நின்றது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இத்தனை நாள் தூங்கி விழித்த தெரு, சட்டென்று கடலின் சத்தத்தைக் கேட்டது. ஒரு வீட்டில் கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

அதற்குப் பிறகு யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, அதற்கு நேரம் இல்லை. கிழவியைத் தூக்கி வேப்ப மர நிழலில் கட்டிலில் கிடத்தினார்கள். கஸ்பார் விசிறிக்கொண்டே இருந்தான், ஜசிந்தா ஈரத் துணியை அவள் நெஞ்சில் போட்டுப் போட்டு எடுத்தாள். செலஸ்டினையும் கட்டிலில் படுக்கவைக்கப் போனபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த மெக்கானிக்கையும் தான் பக்கத்தில் இல்லாமல் வண்டியைத் தொட விட்டதில்லையாம். பானெட்டுக்குப் பக்கத்தில் வெயிலிலேயே ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். உதடு நீலமாக இருந்தது. பாய் பழைய கேஸைத் திறந்துவிட்டபோது அது சீறிக்கொண்டு வெளியேறியது. மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பாய் வேகமாக வேலை பார்த்தார். கம்ப்ரஸரைக் கழற்றிக் கருப்பு ஆயிலைக் கவிழ்த்தார், குழாய்களுக்குள் ஸ்பிரிட்டை ஊற்றி ஊதினார், வெடித்த ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பச்சை வளையங்களை மாட்டினார், டிரையரை மாற்றினார். "அந்த போல்ட்டை மொதல்ல கையால முறுக்குங்க பாய், மரை போயிரும்" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. ஜசிந்தா ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். தலை தொங்கியிருக்கும். எழுந்து ஓடலாமா என்று நினைக்கும்போது, "ஹோஸ் அங்க உரசும், தள்ளிக் கட்டுங்க" என்பார். பாய் மறுபேச்சுப் பேசாமல் தள்ளிக் கட்டுவார்.

எல்லாம் மாட்டி முடித்து, பம்பைப் போட்டுக் குழாய்களுக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, பம்பை நிறுத்தினார் பாய். இனி கேஜில் ஊசி அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் கசிவு இல்லை. எல்லாரும் அந்த ஊசியைப் பார்த்தார்கள். கஸ்பார் விசிறியை ஜசிந்தாவிடம் கொடுத்துவிட்டு வந்து பார்த்தான். ஊசி, மிக மெதுவாக, மேலே ஏறியது.

"எங்கயோ காத்து உள்ள ஏறுது" என்றார் பாய்.

"எங்க?"

"தேடணும்."

கிழவியின் மூச்சு விட்டு விட்டு வந்தது. ஜசிந்தா அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்து, அடுத்த மூச்சு வரும்வரை தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள். தன் புருஷனை விட்டுவிட்டு இன்னொருத்தி மூச்சை ஏன் காத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகள் அங்கேயே இருந்தன. பாய் குழாய்களுக்குள் காற்றை அழுத்தி ஏற்றிவிட்டு, சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். முன்னால் ஒன்றும் இல்லை. கீழே ஒன்றும் இல்லை. கடைசியில் டேஷ்போர்டுக்குப் போகிற குழாயில் ஒரு சின்னக் குமிழ் கிளம்பி உடைந்தது. புது வளையம்தான், உட்காரும்போது மடிந்துபோயிருந்தது. கழற்றினார், மாற்றினார், மறுபடி உறிஞ்சினார், மறுபடி நிறுத்தினார். ஊசி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. புது கேஸை ஏற்றி, கஸ்பாரைப் பார்த்து, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

குளிர் வந்தது. பழைய குளிரின் மூர்க்கம் இல்லை, ஆனாலும் குளிர்தான். கிழவியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது, கண் திறந்தது, "தண்ணி தாலே" என்றாள். தெரு முழுவதும் பெருமூச்சு விட்டது. கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நீங்களும் வாங்க, சீக்கிரம்" என்று ஜசிந்தா புருஷனின் கையைப் பிடித்தாள்.

செலஸ்டின் எழுந்து, காரைப் பிடித்து நடந்துபோய், ஜன்னல் வழியாக விரல்களை உள்ளே நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா வருது" என்றார் பாயிடம். பிறகு திரும்பி வீட்டை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க?"

"பசிக்கி. சோறு இருக்கா?"

ஜசிந்தா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில், "எனக்காகக் கொஞ்ச நாள் உக்காந்தா என்ன கொறைஞ்சு போகும்?" என்று கேட்டுவிட்டாள். அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு நேரம் வெயில்ல இருந்துட்டேன் ஜசிந்தா. இன்னும் எவ்வளவு நேரம் முடியும்னு பாக்கேன். நீ பக்கத்துல இரி" என்றார்.

அவள் சோறு போட்டாள். சாப்பிடும்போது போவாரோ என்று பார்த்தாள், கை கழுவும்போது போவாரோ என்று பார்த்தாள், சாமியார் எண்ணெயோடு வந்து வாசலில் காத்திருந்துவிட்டுப் போனார். செலஸ்டின் போகவில்லை. மறுநாள் காலையில் எழுந்து தெருமுனைக் கடையில் டீ குடித்தார். அதற்கு மறுநாளும் குடித்தார். ஏன் என்று கேட்டவர்களுக்குத் தெரு ஆளுக்கொரு காரணம் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, யாருக்குத் தெரியும் என்றும் சொன்னது. ஜசிந்தா தைத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். அவருடைய செருப்புச் சத்தம் நின்றால் மெஷினும் நின்றது.

கார் கஸ்பாரின் வாசலுக்கு நகர்ந்தது. இரவும் பகலும் அவன்தான் அதற்குக் காவல். ஏலத்துக்குப் போவது நின்றது. விசைப்படகுக்காரர்களின் கேன்கள் குறைந்தன. மரியபுஷ்பம் தூங்கினாள், விழித்தாள், சீலா விலையைக் கேட்டாள், அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஒவ்வொரு காலையிலும் செலஸ்டின் டீக்கடைக்குப் போகும்போது காரின் பக்கம் நின்று, "எப்படி இருக்கா?" என்று கேட்பார். கஸ்பார் அவருடைய கால்களையே பார்ப்பான், அவை நடக்கிறதைப் பார்ப்பான்.

முதல் மழைக்கு முந்தின ஒரு காலையில் தெரு அமைதியாக இருந்தது. ஜசிந்தா அது என்ன அமைதி என்று புரிந்து அடுப்படியிலிருந்து எழுவதற்குள் கஸ்பார் வாசலில் நின்றான். கையில் சாவி.

"மைனி, நிப்பாட்டிட்டேன்."

அவள் அவனை உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"அண்ணன் நடக்குறதைப் பாத்துப் பாத்து, அம்மாவும் பொழைச்சிருவான்னு நெனச்சேன். தூக்கிட்டுப் போயி உக்காரவச்சேன். அண்ணன் உக்காந்த அதே நாற்காலிதான். பானெட்டுப் பக்கத்துல, அதே மாதிரிதான் போட்டேன். வெயில்கூட அப்படித்தான் இருந்துச்சு." அவன் சாவியைப் பார்த்தான். "ரெண்டு மூச்சு விட்டா, மைனி. அவ்வளவுதான்."

உள்ளே இருந்து செலஸ்டின் வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உயிரோடு நிற்கிறதற்காக அவர் வெட்கப்படுவதை ஜசிந்தா பார்த்தாள். அவர் உள்ளே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கையை நீட்டினார். கஸ்பார் சாவியைக் கொடுத்தான்.

அன்று பிற்பகல் மரியபுஷ்பத்தைப் பின்சீட்டில், மகனின் தோளில் சாய்த்து, கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி வேண்டாம், கோயில் வாசல் வரைக்கும் இப்படியே வரட்டும் என்று கஸ்பார் சொல்லிவிட்டான். செலஸ்டின் ஓட்டினார். பக்கத்தில் ஜசிந்தா. தெரு முழுவதும் பின்னால் நடந்து வந்தது. ஜன்னல்கள் எல்லாம் இறங்கியிருந்தன, அனல் உள்ளே வீசியது, செலஸ்டினின் கழுத்திலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்கியது.

பாதி வழியில் கஸ்பார் பேசினான்.

"ஏசியைப் போடுங்கண்ணே."

ஜசிந்தா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். விட்டுவந்த குளிரில் திரும்ப உட்கார்ந்தால் அவருக்கு என்ன ஆகும், ஆகாமல் போகும், அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று அவர் கை தயங்கியதிலிருந்து கண்டுகொண்டாள்.

"அம்மாவுக்குப் பழகிப்போச்சு" என்றான் கஸ்பார்.

செலஸ்டின் சுவிட்சைத் திருகினார். ஜசிந்தா தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினாள், பிறகு பின்னால் எட்டிக் கஸ்பாரின் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினாள்.